பொருக்கு விட்ட இரும்பு: குடியிருக்கும் வீட்டில் மறுவர்ணம் பற்றிய வாதங்கள்

கேள்வியும் இடமும்

மாடிப்படிக் கைப்பிடி, பால்கனி கிரில், வாசல் கேட், தண்ணீர்த் தொட்டிக்கு ஏறும் இரும்பு ஏணி. அடுக்குமாடிக் குடியிருப்பு எதுவானாலும் முதலில் பொருக்கு விடுவது இவைதான். அடுத்து என்ன செய்வது என்பதில் மேஸ்திரிக்கு ஒரு கருத்து, பெயிண்ட் கடைக்காரருக்கு ஒரு கருத்து, பொறியாளருக்கு வேறொரு கருத்து. இரும்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டச் சொல்வது ஒரு கட்சி. உரிந்த இடத்தை மட்டும் தேய்த்து மேலே பூசச் சொல்வது இன்னொரு கட்சி. துருவை ரசாயனத்தால் மாற்றலாம் என்பார்கள் சிலர். சுரண்டும் தூசிதான் உண்மையான ஆபத்து, முதலில் அதைக் கவனியுங்கள் என்பார்கள் வேறு சிலர்.

ஒவ்வொரு விடைக்கும் நீண்ட வரலாறு உண்டு. ஆனால் பெரும்பாலானவை பாலம், கப்பல், எண்ணெய்த் தொட்டி போன்ற, யாரும் குடியிராத இரும்பை மனத்தில் வைத்து எழுந்தவை. இந்த வேறுபாட்டை விருதுநகர் மாவட்டத்தின் இருக்கன்குடியில் ஒரே இடத்தில் காணலாம். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் அந்த ஊரில் நீர்த்தேக்கத்தின் மதகு ஷட்டர்களும் இரும்புதான்; மாரியம்மன் கோயிலுக்கு வருவோர் தங்கும் விடுதிகளின் கிரில்களும், பக்கத்துச் சாத்தூர், சிவகாசி வீடுகளின் கைப்பிடிகளும் இரும்புதான். மதகைச் சுரண்டும்போது அதன் பின்னால் யாரும் சமைப்பதில்லை. கிரில்லுக்குப் பின்னால் சமையல் நடக்கிறது, குழந்தை தவழ்கிறது, துணி காய்கிறது. ஒரே பொருளுக்கு ஒரே விடை பொருந்தாமல் போவது இதனால்தான்.

வர்ணம் இரும்பை எப்படிக் காக்கிறது?

வர்ணம் ஒரு போர்வை, அது காற்றையும் தண்ணீரையும் உள்ளே விடாது என்பதுதான் நெடுநாள் நம்பிக்கை. கேம்பிரிட்ஜில் பணியாற்றிய ஜே. இ. ஓ. மெய்ன் 1950-களில் இதைக் கேள்விக்குள்ளாக்கினார். சாதாரண வர்ணப் படலத்தின் வழியே, இரும்பு துருப்பிடிக்கப் போதுமான அளவு நீரும் ஆக்சிஜனும் கசிந்து செல்கின்றன என்று அவர் காட்டினார். அப்படியானால் காப்பது எது? படலம் அயனிகளின் ஓட்டத்தைத் தடுப்பதால் துருவை உண்டாக்கும் நுண்மின்னோட்டம் நடைபெறுவதில்லை என்பது அவர் தந்த விளக்கம். படலத்தின் அடியில் உப்பு இருந்தால் அந்தத் தடை உடையும். உப்பு நீரை இழுக்கும், கொப்புளம் எழும், பின்பு உரியும்.

இரண்டாவது விளக்கம் நிறமிகளைப் பற்றியது. செவ்வீயம் எனப்படும் ஈய ஆக்சைடு ஆளிவிதை எண்ணெயுடன் சேரும்போது ஈயச் சோப்புகள் உருவாகி இரும்பின் மேற்பரப்பை மந்தப்படுத்தும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து உலகின் பாலங்கள் செவ்வீயத்தையே முதல் பூச்சாகக் கொண்டதற்கு இதுவே காரணம். துத்தநாகக் குரோமேட்டும் இதே வகையில் வேலை செய்யும். இந்தியக் கடைகளில் 'ரெட் ஆக்சைடு பிரைமர்' என்ற பெயரில் விற்கும் எல்லா டின்களும் ஒன்றல்ல. சிலவற்றில் துத்தநாகக் குரோமேட் உண்டு; சிலவற்றில் வெறும் இரும்பு ஆக்சைடு நிறம் மட்டுமே. இந்திய தர நிர்ணயம் ஐ.எஸ். 2074 முதல் வகைக்கானது. குரோமேட்டில் உள்ள ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் புற்றுநோய் உண்டாக்குவது என்று உறுதியாக வகைப்படுத்தப்பட்டிருப்பதால், துத்தநாக பாஸ்பேட் குரோமேட்டின் இடத்தைப் பிடித்து வருகிறது.

எல்லா உரிதலும் துருவால் வருவதல்ல. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப்பில் நேரடியாகச் சாதாரண எனாமல் அடித்தால் அது சில ஆண்டுகளில் தாள் தாளாகக் கழன்றுவிடும். எனாமலின் எண்ணெய் துத்தநாகத்தோடு வினைபுரிந்து சோப்பாக மாறுவதே காரணம். அங்கே எவ்வளவு சுரண்டி அதே எனாமலை அடித்தாலும் மீண்டும் உரியும். அதற்கென்று உள்ள எட்ச் பிரைமரோ, துத்தநாகத்துக்கு ஏற்ற அக்ரிலிக் வகையோ வேண்டும். எனவே எந்த வாதத்துக்கும் முன்னால் வரவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பொருக்கின் அடியில் இருப்பது துருவா, பளபளக்கும் துத்தநாகமா, அல்லது பழைய வர்ணத்தின் இன்னொரு அடுக்கா?

முதல் நிலைப்பாடு: முழுக்கச் சுரண்டு

பொறியியல் மரபு இதையே வலியுறுத்துகிறது. சுத்தத்தின் அளவைப் படங்களின் மூலம் வகைப்படுத்தும் முறை ஸ்வீடனில் தோன்றியது; 1967-இன் ஸ்வீடன் தரம் பின்னர் ஐ.எஸ்.ஓ. 8501 ஆயிற்று. கையால் சுரண்டுவதும் கருவியால் தேய்ப்பதும் எஸ்.டி. 2, எஸ்.டி. 3 என்றும், மணல் அல்லது உலோகத் துகளை வீசிச் சுத்தம் செய்வது எஸ்.ஏ. 1 முதல் எஸ்.ஏ. 3 வரை என்றும் பிரிக்கப்பட்டன. கட்டடங்களின் இரும்புக்கு வர்ணம் அடிப்பதற்கான இந்திய வழிகாட்டி ஐ.எஸ். 1477, மேற்பரப்பைத் தயார் செய்வதை ஒரு பாகமாகவும் பூசுவதை இன்னொரு பாகமாகவும் பிரித்திருக்கிறது. முதல் வேலை எவ்வளவு முக்கியம் என்பதற்கு அந்தப் பிரிவே சான்று.

இந்த நிலைப்பாட்டின் பலம் அனுபவத்தில் உறுதியானது. மலிவான வர்ணமும் சுத்தமான இரும்பில் நிற்கும்; விலையுயர்ந்த வர்ணமும் துருவின் மேல் நிற்காது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்பது. அது உள்ளே வளரும்போது மேலே இருப்பதைத் தூக்கியே தீரும்.

பலவீனங்களும் அதே அளவு தெளிவானவை. மணல் வீச்சு நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா தூசியைக் கிளப்பும். பிரிட்டன் வார்ப்படச் சுத்திகரிப்பில் மணலைப் பயன்படுத்துவதை 1949-இன் விதிகளாலேயே தடுத்தது. வீட்டில் அது நடைமுறைக்கும் ஒவ்வாது. மிஞ்சுவது வயர் பிரஷ், சுரண்டு தகடு, உப்புத்தாள், கிரைண்டர். இவற்றால் கிடைப்பது பெரும்பாலும் எஸ்.டி. 2, கிரில்லின் பூவேலை மடிப்புகளிலும் வெல்டிங் முட்டுகளிலும் அதுவும் கிடைப்பதில்லை. ரசாயன ரிமூவர்கள் இன்னொரு வழி. அவற்றில் நெடுங்காலமாக முதன்மையாக இருந்த மெத்திலீன் குளோரைடின் ஆவி காற்றைவிடக் கனமானது. மூடிய அறையில் உயிரையே பறித்த நிகழ்வுகளுக்குப் பின் அமெரிக்கா 2019-இல் வீட்டு உபயோக ரிமூவர்களில் அதைத் தடை செய்தது.

இரண்டாம் நிலைப்பாடு: மேலே பூசு

நன்றாக ஒட்டியிருக்கும் பழைய வர்ணம் எதிரியல்ல, அதுவும் ஒரு காப்புதான் என்பது இந்தக் கட்சியின் அடிப்படை. உரிந்த இடத்தை மட்டும் சுரண்டி, ஓரங்களைச் சரிவாகத் தேய்த்து, அந்த இடத்துக்கு மட்டும் பிரைமர் இட்டு, பிறகு முழுவதற்கும் ஒரு கோட்டு விடுவது முறை. அமெரிக்காவில் 1993-இல் கட்டுமானத் தொழிலாளருக்கான ஈய விதிகள் வந்தபின், பாலங்களின் பழைய வர்ணத்தை அகற்றும் செலவு பெருமளவு கூடியது. மேற்பூச்சு முறை அங்கே தீவிரமாக ஆராயப்பட்டது அதன் பிறகுதான். அதாவது இந்த முறைக்கு உந்துதல் தந்தது வர்ண அறிவியல் மட்டுமல்ல, அகற்றும் செலவும்தான்.

நம் ஊர் நடைமுறையும் பெரும்பாலும் இதுவே. பொங்கலுக்கு ஒரு கோட்டு, வீட்டில் கல்யாணம் என்றால் ஒரு கோட்டு. இதன் பலவீனம் உடனே தெரிவதில்லை. ஒவ்வொரு புதிய கோட்டும் உலரும்போது சுருங்கி, கீழுள்ள அடுக்கை இழுக்கிறது. அடுக்கு தடிக்கத் தடிக்க இழுவிசை கூடும். ஒருநாள் மேலே அடித்த நல்ல வர்ணமே அடியில் இருந்த நோஞ்சான் அடுக்கைப் பெயர்த்துக்கொண்டு விழும். கடும் டின்னர் கொண்ட வர்ணத்தைப் பழைய எனாமல் மேல் அடித்தால் அன்றே சுருங்கி எழும்.

பாரிஸின் ஈஃபில் கோபுரம் இதற்குப் பெரும் உதாரணம். 1889-இல் திறக்கப்பட்ட அது ஏறத்தாழ 7 ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒவ்வொரு முறையும் சுமார் 60 டன் வர்ணத்தோடு பூசப்பட்டு வந்தது. அண்மைய பணியில் பல பகுதிகளில் பழைய அடுக்குகளை அகற்ற வேண்டி வந்தது; 2021 பிப்ரவரியில் ஈயத்தின் அளவு கூடியதால் வேலை நிறுத்தப்பட்டது. மேலே மேலே பூசுவது சிக்கலைத் தீர்க்கவில்லை, தள்ளிப்போட்டது என்று ஒரு சாரார் இதைப் படிக்கிறார்கள். நூறாண்டுக்கு மேல் இரும்பு நின்றதே, அதுவே வெற்றி என்று மறுசாரார் படிக்கிறார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது.

மூன்றாம் நிலைப்பாடு: துருவை மாற்று

ரஸ்ட் கன்வர்ட்டர் என்று கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் டானிக் அமிலத்தையோ பாஸ்பாரிக் அமிலத்தையோ அடிப்படையாகக் கொண்டவை. சிவந்த துருவை இவை கருநீல இரும்பு டானேட்டாகவோ இரும்பு பாஸ்பேட்டாகவோ மாற்றுகின்றன. தமிழ் வாசகருக்கு முதல் வினை புதிதல்ல. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு பிறக்கும் என்பதைச் சாயத் தொழிலும் மை காய்ச்சுபவர்களும் நெடுங்காலமாக அறிவார்கள். கலம்காரித் துணியின் கரிய கோடு அந்த வினையின் விளைவு.

குடியிருக்கும் வீட்டுக்கு இதில் கவர்ச்சி உண்டு: தூசி குறைவு, சத்தம் இல்லை, தூரிகை போதும். ஆனால் கரைசல் தொட்ட துருவை மட்டுமே மாற்றும். தடித்த பொருக்கில் மேல்பகுதி கறுத்தும் அடிப்பகுதி சிவந்தும் இருக்கும். அடியில் உப்பு இருந்தால் அது அப்படியே தங்கும். அமிலம் மிஞ்சினால் அடுத்த கோட்டையும் அது பாதிக்கலாம். ஆகையால் லேசான, தளர்ந்த பொருக்கு நீக்கப்பட்ட துருவுக்கு இது துணையாகலாம். சுரண்டுவதற்கு மாற்று என்ற விளம்பர வாக்கை ஏற்பது கடினம்.

நான்காம் நிலைப்பாடு: முதலில் தூசி

இந்தக் கேள்வியைக் குடியிருப்போர் பக்கத்திலிருந்து கேட்டவர்களில் முன்னோடி, ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரக் கண் மருத்துவர் லாக்ஹார்ட் கிப்சன். குயின்ஸ்லாந்துக் குழந்தைகளின் ஈய நஞ்சுக்கு வீட்டு வராந்தாக் கைப்பிடிகளின் வர்ணமே மூலம் என்று அவர் 1904-இல் எழுதினார். வெயிலில் பொடியும் வர்ணம் குழந்தையின் விரலில் ஒட்டி வாய்க்குப் போகிறது என்பதே அவர் வாதம். சக மருத்துவர் பலர் உடனே ஏற்கவில்லை. குழந்தைகளுக்கு எட்டும் இடங்களில் ஈய வர்ணத்தைக் குயின்ஸ்லாந்து சட்டத்தால் தடுத்தது 1922-இல். அதற்கு முந்தைய ஆண்டு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, கட்டடங்களின் உட்புற வர்ணங்களில் வெள்ளை ஈய நிறமியைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையை நிறைவேற்றியிருந்தது.

அமெரிக்கா வீட்டு உபயோக ஈய வர்ணத்தை 1978-இல் தடை செய்தது. ஆனால் தடைக்கு முன் அடித்தது சுவரிலும் கம்பியிலும் இருக்கிறதே! அதற்காகவே 2010-இல் நடைமுறைக்கு வந்த விதி, பழைய வீடுகளில் சுரண்டும் முறையைக் கட்டுப்படுத்தியது. தீச்சுவாலையால் எரித்து எடுப்பது, ஏறத்தாழ 590 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பக் காற்றால் இளக்குவது, தூசியை உறிஞ்சும் வடிகட்டி இல்லாமல் இயந்திரத்தால் தேய்ப்பது ஆகிய மூன்றும் விலக்கப்பட்டன. நனைத்துச் சுரண்டுதல், கீழே பிளாஸ்டிக் விரித்தல், வேலை முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்தல் ஆகியவை முறையாயின.

இந்தியாவில் வீட்டு, அலங்கார வர்ணங்களில் ஈயம் 90 பி.பி.எம். அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2016-இல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பர் 1 முதல் அமலானது. இரண்டு இடைவெளிகள் தெளிவாகத் தெரிகின்றன. தொழிற்சாலை உபயோகத்துக்கான வர்ணங்கள் இதன் வரம்பில் இல்லை. வீட்டுக் கிரில்லுக்கு அந்த வகை டின் வந்து சேர்வதைத் தடுப்பதும் எளிதல்ல. அடுத்து, விதி புதிய டின்னைப் பற்றியது. ஏற்கெனவே கம்பியில் இருக்கும் அடுக்கைச் சுரண்டும் முறையைப் பற்றி அது பேசவில்லை.

இந்த நிலைப்பாட்டின் பலவீனம், அதை அப்படியே பின்பற்றினால் எந்த வேலையும் நடக்காமல் போகலாம் என்பது. பழைய வர்ணம் ஒவ்வொன்றிலும் ஈயம் இருக்கும் என்பதில்லை. சோதிக்காமல் பயப்படுவதும் சோதிக்காமல் சுரண்டுவதும் ஒரே வகைத் தவறுதான்.

ஐந்தாவதாக ஒன்று: இரும்பையே மாற்று

எவர்சில்வர் கைப்பிடி, அலுமினியச் சட்டம், உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த கம்பி என்று மாற்றினால் வர்ணப் பிரச்சினையே இல்லை என்பார்கள். புதுக் கட்டடத்துக்கு இது நல்ல யோசனை. நிற்கும் கட்டடத்தில் பழைய கம்பியை அறுத்தெடுத்து, தளத்தைக் குத்தி, வெல்டிங் வைக்கும் வேலை, சுரண்டுவதைவிடக் குடியிருப்போருக்குத் தொல்லை மிகுந்தது. உள்ளிருந்தே துரு தின்று ஓட்டை விழுந்த பைப்புக்கு மட்டும் இது மறுக்க முடியாத விடை. கை சாயும் இடத்தில் வர்ணத்தால் பலம் வராது.

கந்தக பூமியின் கணக்கு

பட்டாசுத் தொழிலால் கந்தக பூமி எனப்படும் இந்தச் சாத்தூர், சிவகாசி வட்டாரத்துக்கு இந்த வாதங்கள் எப்படிப் பொருந்துகின்றன? காரைக்குடியில் 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தின் அரிப்பு ஆய்வுகள் உள்ளிட்ட பலவும், கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் இரும்பின் ஆயுள் பெரிதும் வேறுபடுவதைக் காட்டியுள்ளன. இந்த வட்டாரமோ உள்நாட்டின் வறண்ட கரிசல் நிலம். காற்றின் ஈரத்தைவிட, வீட்டில் நாம் ஊற்றும் தண்ணீரே இங்கே துருவுக்குப் பெரிய காரணமாக இருக்க வாய்ப்புண்டு. காலையில் வாசல் தெளிக்கும் தண்ணீர் கேட்டின் அடிச்சட்டத்தில் படுகிறது. ஈரத்துணி பால்கனி கிரில்லில் தொங்குகிறது. பூந்தொட்டித் தண்ணீர் கைப்பிடியின் காலடியில் தேங்குகிறது. போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் மெய்ன் சொன்ன அயனிகளை நாமே ஊற்றுகிறோம் என்றாகும். கேட்டின் மேற்பாதி நன்றாகவும் அடிப்பாதி பொருக்கு விட்டும் இருப்பதன் பொருள் வர்ணம் மோசம் என்பதல்ல.

பருவமும் ஒரு சிக்கல். வடகிழக்குப் பருவமழை முடிந்து, மார்கழிப் பனியில், பொங்கலுக்கு முன் வர்ணம் அடிப்பது வழக்கம். இரும்பின் வெப்பநிலை, காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும் என்பது தொழில்விதி. விடியற்காலை அடித்தால் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலத்தின் மேல் அடித்ததாகும். சித்திரை நடுப்பகலில் அடித்தாலோ, சுடும் கம்பியில் வர்ணம் பரவுமுன்னே மேலே காய்ந்துவிடும். தை கடைசி முதல் பங்குனி வரை, வெயில் ஏறிச் சுடுவதற்கு முன்னான காலை நேரம் பொருத்தமாகத் தெரிகிறது. இருக்கன்குடி விடுதிகளுக்கு ஆடிக் கடைசி வெள்ளிக் கூட்டத்துக்கு முன் அவசரமாக ஒரு கோட்டு அடிப்பதைவிட இது மேல்.

மூன்றாவது சிக்கல், இந்த வட்டாரத்துக்கே உரியது. சில்வர் பெயிண்டில் மினுங்கும் அலுமினியத் தகட்டுத் துகளும் பட்டாசு மருந்தில் சேரும் அலுமினியப் பொடியும் உறவினர்கள். அலுமினியப் பூச்சுள்ள துருப்பிடித்த இரும்பை ஓங்கித் தட்டினால் கடும் சூடான பொறி எழக்கூடும் என்பதைச் சுரங்கப் பாதுகாப்பு ஆய்வுகள் நெடுநாளாக எச்சரித்துள்ளன. கிரைண்டர் பொறி, டின்னர் ஆவி, மாடிப்படி அடியில் அடுக்கிய தீபாவளிப் பட்டாசு கிப்ட் பெட்டிகள் மூன்றும் ஒரே இடத்தில் சேரக் கூடாது என்பதைச் சிவகாசிக்காரருக்கு விளக்கத் தேவையில்லை.

செவ்வீயமும் வர்ணம், பட்டாசு என்ற இரு பக்கமும் தெரிந்த பொருள்தான். படபடவென்று வெடித்துச் சிதறும் பேன்சி ரகங்களுக்கு உலகெங்கும் ஈய ஆக்சைடு பயன்பட்டது. பட்டாசுகளில் ஈயம் உட்பட ஐந்து தனிமங்களின் சேர்மங்களை உச்ச நீதிமன்றம் தடுத்தது 2017 ஜூலை 31 அன்று. வர்ணத்துக்கான 90 பி.பி.எம். விதி அமலானது அதே ஆண்டு நவம்பரில். மூன்று மாத இடைவெளியில் ஒரே உலோகத்துக்கு இரண்டு வேலிகள். ஆலைக்குள் பொடியைக் கையாளும் ஒழுக்கத்துக்கு உரிமம், ஆய்வாளர், ஓர் அறைக்கு இத்தனை பேர் என்ற வரம்பு எல்லாம் உண்டு. அதே ஆலைத் தொழிலாளியின் வீட்டு வராந்தாவில் பழைய வர்ணத்தைச் சுரண்டுவதற்கு எந்த ஒழுக்கமும் வரையறுக்கப்படவில்லை.

எது தீர்ந்தது, எது தீரவில்லை

சில விஷயங்களில் இனிப் பெரிய வாதம் இல்லை. துருவின் மேல் வர்ணம் நிற்காது. தளர்ந்த பொருக்கு அனைத்தும் போக வேண்டும். உறுதியாக ஒட்டியிருப்பதை, அடுக்கு தடிக்காதவரை, விட்டுவைக்கலாம். துத்தநாகக் கம்பிக்குத் தனி பிரைமர் வேண்டும். வர்ணம் விலகி மெலியும் கூர் விளிம்புகளுக்கும் வெல்டிங் முட்டுகளுக்கும் முதலில் தனியாக ஒரு கோட்டு விடுவது பலன் தரும். தீயால் எரித்து வர்ணம் எடுப்பது குடியிருக்கும் வீட்டில் எந்த நிலையிலும் ஏற்கத்தக்கதல்ல.

தீராதவை வேறு. எத்தனை கோட்டுக்குப் பிறகு மேற்பூச்சை நிறுத்தி முழுக்கச் சுரண்ட வேண்டும் என்பதற்கு வீட்டு இரும்பு அளவில் ஒப்புக்கொண்ட எல்லை இல்லை. குறுக்கே கீறி, டேப் ஒட்டிப் பிய்த்துப் பார்க்கும் சோதனை ஓரளவு வழிகாட்டும், அவ்வளவே. நீர் சார்ந்த புதிய வர்ணங்கள் வாசனையைக் குறைக்கின்றன; சுமாராகச் சுத்தம் செய்த இரும்பில் அவை பழைய எனாமல் அளவுக்குப் பொறுத்துப்போகுமா என்பதில் கருத்து வேறுபாடு தொடர்கிறது. பொதுப்பகுதிக் கைப்பிடியைக் குடியிருப்போர் சங்கம் பார்த்துக்கொள்ளும். பால்கனி கிரில் யாருடையது, அதிலிருந்து கீழ்வீட்டுக்கு விழும் தூசி யாருடைய பொறுப்பு என்பதும் பல குடியிருப்புகளில் முடிவாகாத வழக்கு.

இந்த நிலைப்பாடுகளை ஒன்றுக்கொன்று பகையாக நிறுத்துவதைவிட வரிசையாக நிறுத்துவது பயன் தரலாம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது முதல். அடியில் இருப்பது என்ன என்று சோதிப்பது அடுத்து. தூசியை எப்படிப் பிடிப்பது என்று முடிவு செய்வது மூன்றாவது. எந்த டின் வாங்குவது என்பது கடைசி. நடைமுறையில் பேச்சு பெரும்பாலும் கடைசிக் கேள்வியில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. பட்டாசு மருந்துப் பொடியை ஒரு நேரத்தில் சிறிதளவே கையாள வேண்டும், சிந்தியதை உடனே அகற்ற வேண்டும் என்று பழகிய கைகளுக்கு, ஒரு மாடிப்படி முடிந்தபின் அடுத்த மாடிப்படி, ஒவ்வொரு மாலையும் ஈரத்துணி என்ற ஒழுங்கு அந்நியமானதல்ல. அந்தப் பழக்கம் ஆலை வாசலைத் தாண்டி வீட்டு வாசலுக்கு வருமா என்பது வர்ண அறிவியல் விடை சொல்லும் கேள்வி அல்ல.